காகிதம் ஒரு திசையில்தான் வளையும்: அட்டை விண்கலம் பற்றி வாசகர் கேள்வி பதில்

அட்டையில் விண்கலம் செய்வது பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முதலில் நீளமாகப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குப் போகிறேன்.

எட்டாவது படிக்கும் என் மகளுக்கு 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் என்றால் உயிர். அதில் வரும் எண்டர்பிரைஸ் கப்பலைத்தான் முதலில் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கும் இதில் முன்னே பின்னே பழக்கம் கிடையாது. முடியுமா சார்?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியும். ஆனால் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் மகளின் வயது இல்லை, காகிதத்தின் குணம். காகிதம் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். குழாயாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம், மடித்துப் பெட்டி செய்யலாம், எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும். பந்து மாதிரி இரண்டு திசையிலும் சேர்ந்து வளையச் சொன்னால் மட்டும் கசங்கும், இல்லையென்றால் கிழியும். அதனால் எந்த விண்கலத்தைப் பார்த்தாலும் முதலில் மனதுக்குள் பிரித்துப் பாருங்கள், இந்தப் பாகம் பெட்டியா, குழாயா, கூம்பா, பந்தா என்று. பந்து வகை அதிகம் என்றால் அந்தக் கப்பல் இப்போதைக்கு வேண்டாம்.

எண்டர்பிரைஸில் பந்து வகை கம்மிதான். மேலே பெரிய தட்டு, அதைத் தாங்கும் கழுத்து, கீழே சுருட்டு மாதிரி ஓர் உடல், பின்னால் சாய்வாக நிற்கும் இரண்டு கம்பங்கள், அவற்றின் நுனியில் இரண்டு நீளக் குழாய்கள். தனித்தனியாக எதுவும் பெரிய கஷ்டமில்லை. சேர்க்கும்போதுதான் ஆட்டம் ஆரம்பிக்கும், ஏனென்றால் மொத்தக் கனமும் மெல்லிய கழுத்திலும் கம்பத்திலும் தொங்குகிறது. ஒன்று அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கப்பல் கோணலாகத் தெரியும். முதல் மாதிரியிலேயே இந்தச் சோதனை எதற்கு?

அதே தொடரில் கலிலியோ என்று ஒரு குட்டி விண்கலம் வருகிறது, கப்பலிலிருந்து கிரகத்துக்கு இறங்குவதற்கு. 1967 ஜனவரியில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் முதன்முதலாகத் தலைகாட்டியது. உடம்பு பூராவும் தட்டையான பலகைகள், அடியில் இரண்டு குழாய்கள், அவ்வளவுதான். அது அப்படி இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. முதலில் வளைவு வளைவான வடிவம்தான் வரைந்தார்கள். முழு அளவில் அதைச் செய்யப் பணம் கட்டுபடியாகாது என்பதால் நேர்ப் பலகைகளாக மாற்றிவிட்டார்கள். கார் பொம்மை கிட் (பாகங்களை நாமே சேர்த்து ஒட்டும் பெட்டி) விற்கும் ஏ.எம்.டி. நிறுவனம்தான், இந்தத் தொடரின் கிட்களை விற்கும் உரிமைக்குப் பதிலாக அதைச் செய்துகொடுத்தது. அன்றைக்கு அவர்கள் வளைவைத் தவிர்த்தது இன்றைக்கு அட்டை வெட்டுகிற நமக்கு லாபம். 24 அடிக் கலம் என்று தொடரிலேயே வசனம் வரும். 1/48 அளவில், அதாவது அசலில் 48-இல் ஒரு பங்காகச் செய்தால் சரியாக 6 அங்குலம், ஒரு குழந்தை ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடக்கூடிய அளவு. அதை முடித்த கையோடு எண்டர்பிரைஸ் கேட்டால் மறுக்காதீர்கள்.

எனக்குப் பொறுமையே கிடையாது. ஒரே உட்காரலில் முடிகிற விண்கலம் ஏதாவது?
– வாசகர், நாகர்கோவில்

இருக்கிறது. அதே தொடரின் அடுத்த தலைமுறையில் 1989-இல் வந்த போர்க் கப்பல். 'போர்க்' என்பது அந்த எதிரிக் கூட்டத்தின் பெயர், சண்டை போடுவதும் அவர்கள் வேலைதான் என்பது வேறு விஷயம். கப்பல் வெறும் கனசதுரம். ஆறு சதுரம், மேலே குழாயும் கம்பியுமாகப் பின்னிய படம். மடித்து ஒட்டினால் முடிந்தது. கிண்டல் செய்யவில்லை. ஆறு முகமும் விளிம்பு பிசகாமல் சேர்வதற்குக் மடிப்புக் கோடுகளை முன்கூட்டியே கீறும் பழக்கம் நன்றாகவே வந்திருக்க வேண்டும்.

எந்த அட்டை வாங்குவது? ஸ்டேஷனரி கடையில் சார்ட் பேப்பர் கொடுத்தார்கள், சுருட்டினால் உடைந்து உடைந்து மடிகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

கடையில் "160-லிருந்து 220 ஜிஎஸ்எம் வரைக்கும், ஏ4 வெள்ளை அட்டை" என்று கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குக்கூட இது தெரியும், ப்ராஜெக்ட் அட்டைப் பக்கத்துக்கு அதைத்தான் போடுகிறார்கள். 300-க்கு மேல் போனால் பெட்டி நன்றாக வரும், குழாய் வராது. கல்யாணப் பத்திரிகை அட்டை வீடு பூராவும் கிடக்கும், எடுத்துப் பயன்படுத்தலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வெளியே தெரியாத உள்சட்டத்துக்கு அது பிரமாதம், மேல்தோலுக்கு வேண்டாம், பளபளப்புப் பூச்சில் பசை பிடிக்காது.

உடைந்து மடிவதற்குப் பெரும்பாலும் அட்டையைக் குற்றம் சொல்ல முடியாது, திசைதான் காரணம். இயந்திரத்தில் ஓடி வந்த காகிதத்தில் நார்கள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் முறைக்கும், ஒரு பக்கம் சுலபமாக வரும். சுலபமாக வருகிற பக்கம்தான் குழாய் சுருள வேண்டிய பக்கம். அப்படியே சுருட்டாமல், மேஜை விளிம்பில் வைத்து இரண்டு மூன்று தடவை இழுத்துப் பழக்கிவிட்டு, மடித்த துணித் துண்டின் மேல் அட்டையைப் போட்டு, அதன் மேல் பென்சிலை வைத்து உருட்டினால் உடையவே உடையாது.

டெம்ப்ளேட்டை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் ஓரம் வெட்டுப்படுகிறது. வேறு கடையில் எடுத்தால் பாகங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. லேசர், இங்க்ஜெட் எது நல்லது என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

இணையத்தில் கிடைக்கிற டெம்ப்ளேட்களில், அதாவது வெட்டி ஒட்டுவதற்கான பாகங்களை வரைந்த தாள்களில், நிறைய அமெரிக்காவில் வரைந்தவை. அவர்கள் தாள் 216 மி.மீ. அகலம், 279 உயரம். நம் ஏ4 210 அகலம், 297 உயரம். அகலத்தில் 6 மி.மீ. குறைகிறது, உங்கள் விண்கலத்தின் இறக்கை அங்கேதான் போகிறது. சில கடைகளில் இதற்காகத் தாளுக்குள் அடங்கும்படி கணினியே சுருக்கிவிடும். அதுவும் பரவாயில்லை, எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால். முதல் இரண்டு பக்கம் இன்றைக்கு ஒரு கடை, மிச்சம் நாளைக்கு வேறு கடை என்று எடுத்தால்தான் பொருந்தாமல் போகும். எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில், ஒரே சதவீதத்தில் எடுங்கள். 95 என்றால் எல்லாமே 95.

லேசர் பிரிண்டில் மை தாளின் மேல் உட்காருகிறது, மடிக்கும்போது அந்த இடத்தில் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். இங்க்ஜெட்டில் மை உள்ளே இறங்குவதால் மடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் ஈர விரல் பட்டால் கலங்கிவிடும். எனக்கு இங்க்ஜெட்தான் பிடிக்கும், வெட்டுவதற்கு முன்னால் தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்துவிட்டால் கவலை இல்லை. லேசர்தான் கிடைக்கிறது என்றால் மடிப்பில் அதே நிறப் பென்சிலால் ஓர் இழுப்பு.

அப்புறம், வெட்டிய ஓரமெல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்று திருநெல்வேலியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஒட்டுவதற்கு முன்பே ஸ்கெட்ச் பேனாவைச் சாய்த்துப் பிடித்து ஓரம் முழுக்கத் தடவுங்கள். சாம்பல் நிறக் கப்பலுக்கு வெறும் பென்சிலே போதும். ஐந்து நிமிட வேலை, இதைச் செய்த மாதிரிக்கும் செய்யாததற்கும் உள்ள வித்தியாசத்தை எட்டடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம்.

ஃபெவிகால் போட்டால் அட்டை அலை அலையாக நெளிகிறது. கொஞ்சமாகப் போட்டால் ஒட்டுவதில்லை.
– வாசகி, புதுச்சேரி

ஒட்டும், நீங்கள் அவசரப்படுகிறீர்கள். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, அட்டை அதைக் குடித்துத்தான் நெளிகிறது. டப்பாவிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். ஒரு மூடியில் துளி எடுத்து வைத்துக்கொண்டு, பல்குச்சியால் ஒட்டும் காதில் (பசை தடவுவதற்காகப் பாகத்தின் ஓரத்தில் நீட்டி வைத்த சின்ன மடிப்பு) தடவி, தடவியதில் பாதியை வழித்துவிடுங்கள். அரை நிமிடம் சும்மா விடுங்கள், தொட்டால் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். அப்போது சேர்த்து அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். பெரிய பரப்பில் அட்டையோடு அட்டை ஒட்டுவதற்கு மட்டும் ரப்பர் பசை, அதில் தண்ணீர் இல்லை. ஃபெவிக்விக்கைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

பசை சரியாகப் போட்டும் மூலை சேரவில்லை என்றால் மடிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். மடிப்புக் கோடுகளை எல்லாம் வெட்டுவதற்கு முன்பே, தாள் முழுசாக இருக்கும்போதே கீறிவிட வேண்டும். தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபிலும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். பள்ளம் விழ வேண்டும், தாள் அறுபடக் கூடாது. இதைச் சோம்பலில் விடுகிறவர்கள்தான் அதிகம்.

எண்டர்பிரைஸின் பெரிய தட்டை நானே வரைந்து பார்க்கிறேன். வட்டமாக வெட்டினால் தட்டையாகவே கிடக்கிறது, மேலே லேசாக உப்பிய மாதிரி எப்படிக் கொண்டுவருவது?
– பொறியியல் மாணவர், சேலம்

தொடரில் அந்தக் கப்பலின் நீளம் 289 மீட்டர், தட்டின் குறுக்களவு 127 மீட்டர் என்று கணக்கு. 1/1000 அளவுக்கு வந்தால் 28.9 செ.மீ., 12.7 செ.மீ. மேஜையில் வைக்க அழகான அளவு.

உப்பலைப் பந்தாக நினைக்காதீர்கள், மிகத் தட்டையான கூம்பாக நினையுங்கள். வட்டத்தில் ஓர் ஆப்பு வெட்டியெடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் நடு எழும்பும். எவ்வளவு ஆப்பு என்பதற்குக் கணக்கு இருக்கிறது: தட்டின் ஆரத்தைக் கூம்பின் சரிவு நீளத்தால் (உச்சியிலிருந்து ஓரம் வரை மேல்தோலில் அளந்த நீளம்) வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, 360-ஆல் பெருக்க வேண்டும். ஆரம் 6 செ.மீ., நடுவில் 1 செ.மீ. உயர்வு வேண்டும் என்றால் சரிவு 6.08 வரும், ஆப்பு 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஐந்தே டிகிரி! எல்லோரும் கண்ணளவில் முப்பது டிகிரி வெட்டிவிட்டு, தட்டு கேட்டால் தொப்பி வந்துவிட்டது என்று புலம்புகிறார்கள். வரைய வேண்டிய ஆரமும் 6 இல்லை, 6.08, மறந்துவிடாதீர்கள். சேரும் இடத்துக்குக் காது வைக்காமல் அடியில் ஒரு பட்டையை ஒட்டிச் சேர்த்தால் மேலே மேடு தெரியாது. கூடவே, தட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அட்டைத் துண்டுகளை நிறுத்திவையுங்கள், இல்லையென்றால் கை பட்டதும் அமுங்கும்.

பின் கம்பங்களுக்குள் ஆளுக்கொரு ஈர்க்குச்சி. விளக்குமாற்றில் நல்ல நேரான குச்சியாகப் பார்த்து உருவி, உடலுக்குள்ளேயும் குழாய்க்குள்ளேயும் ஒவ்வொரு சென்டிமீட்டராவது நுழைகிற மாதிரி வெட்டி ஒட்டினால் குழாய்கள் பிறகு தொங்காது. வீட்டில் கேட்டுவிட்டு உருவுங்கள்.

இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பிளாஸ்டிக் கிட்டே வாங்கிவிடலாமே? அட்டை எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு இல்லையா?
– வாசகர், சென்னை

தாராளமாக வாங்குங்கள், நல்ல கிட்களுக்கு விலையையும் விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வேறு பொருள்கள் கிடைப்பது அரிதாக இருந்தபோது, தபால் அட்டை அளவில் அச்சிட்ட மைக்ரோமாடல்ஸ் என்ற அட்டை மாதிரிகள் சக்கைப்போடு போட்டன. போலந்தில் 1957-இல் தொடங்கிய 'மாவி மோதெலாஷ்' பத்திரிகை இதழுக்கு இதழ் விமானமும் கப்பலும் வெட்டி ஒட்டக் கொடுத்தது, அங்கே பெரியவர்கள் செய்கிற மாதிரிகளைப் பார்த்தால் அட்டை என்று நம்ப முடியாது. பிளாஸ்டிக்கில் இல்லாத ஒரு வசதியும் இதில் உண்டு: ஒரு பாகம் கெட்டுப்போனால் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

வலது பக்கம் அருமையாக வந்துவிட்டது, இடது பக்கம் பசைக் கறையும் கோணலுமாக இருக்கிறது. திரும்பச் செய்யவா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம், சுவர்ப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். படப்பிடிப்புக்காக 11 அடி நீளத்தில் செய்த அசல் எண்டர்பிரைஸ் மாதிரி இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது பக்கத்தை அவர்களே முழுசாக முடிக்கவில்லை, விளக்குகளுக்கான ஒயர்களெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வந்தன, கேமரா எப்போதும் வலது பக்கம்தான் நின்றது.

டெம்ப்ளேட் இலவசமாக எங்கே கிடைக்கும்?
– பலர்

கற்பனைக் கப்பல்களுக்கு, கப்பல் பெயரோடு 'பேப்பர் மாடல்' என்று சேர்த்துத் தேடினால் ரசிகர்கள் வரைந்தவை ஏகப்பட்டது வரும். வீட்டில் செய்து வைத்துக்கொள்ளுங்கள், செய்து விற்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம், அந்த வடிவங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கணினியில் முப்பரிமாணத்தில் நீங்களே வரைவீர்கள் என்றால், ஜப்பானின் பெபகுரா டிசைனர் மென்பொருள் அதைத் தட்டையான பாகங்களாக விரித்துக் கொடுக்கும். கை பழகுவதற்கு நிஜ விண்கலமே போதும் என்பவர்கள் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வெளியிட்டிருக்கும் காகித மாதிரிகளைப் பாருங்கள், சனிக் கிரகத்தைச் சுற்றிய காஸினி உட்பட. எதுவாக இருந்தாலும் அட்டையில் எடுப்பதற்கு முன்னால் சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, செலோ டேப்பால் அரைகுறையாகச் சேர்த்துப் பாருங்கள். எந்தக் காது எங்கே போகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.