கண்ணுக்குக் கீழே பை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கீழ் இமையைப் பற்றியவை. முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் எப்போதும் இப்படித்தான். மகளின் கல்யாண ஆல்பத்தில் தூங்கி வழிகிற மாதிரித் தெரியக்கூடாது என்று அம்மாக்கள் கிளம்பிவிடுவார்கள்; இப்போது அப்பாக்களும்.

எட்டு மணி நேரம் தூங்கினாலும் "ஏனுங்க, ராத்திரி ஷிப்மென்ட்டா?" என்றே கேட்கிறார்கள். வெளியே தழும்பு தெரியாமல் இந்தப் பையை எடுக்க முடியுமா? (பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், 44, திருப்பூர்)

முடியும். தோல் அதிகம் தொங்காத உங்கள் வயதில் பெரும்பாலும் அதுவே நல்ல வழி. இமையை வெளிப்பக்கமாக விலக்கி, உள்பக்கத்துச் சிவந்த சவ்வில் கீறி உள்ளே போவோம். அங்கே பல நேரம் தையலே தேவைப்படாது.

உள்ளே இருப்பது ஊளைச்சதை இல்லை. விழிக்கு மெத்தையாகக் கடவுள் வைத்த கொழுப்பு. அதை முன்னால் வராமல் பிடித்து நிற்கும் மெல்லிய திரை வயதானால் தளரும். சில குடும்பங்களில் முப்பதிலேயே தளர்ந்துவிடும். மூக்கோரம், நடு, வெளியோரம் என்று மூன்று பொட்டலமாகக் கொழுப்பு பிதுங்கும். முதல் இரண்டுக்கும் நடுவில் விழியைத் திருப்புகிற சிறு தசை ஒன்று குறுக்கே ஓடுகிறது. ரத்தத்தை நிறுத்தும் அவசரத்தில் அதைச் சுட்டுவிட்டால், ஆபரேஷன் முடிந்தவர் ஒரு பஸ்ஸை இரண்டாகப் பார்ப்பார்.

பிதுங்கியதையெல்லாம் வெட்டி எடுப்பது பழைய பழக்கம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். ஒரு டீச்சரம்மா, மூன்றாம் மாதம் மைசூர்பாக்கோடு வந்து நன்றி சொன்னார். ஏழு வருடம் கழித்துக் கண்ணாடி பவர் பார்க்க வந்தபோது இரண்டு கண்ணும் கிணற்றுக்குள் போயிருந்தன. வயதோடு கன்னமும் வற்றும் என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. இப்போது அந்தக் கொழுப்பை ரத்த ஓட்டம் அறாமல் எலும்பு விளிம்புக்குக் கீழே இறக்கி, கன்னமும் இமையும் சேருகிற பள்ளத்தில் பரப்பித் தைக்கிறோம். மேடு இறங்கும், பள்ளமும் நிரம்பும். அதற்கு மேலும் மிஞ்சினால்தான் கொஞ்சம் எடுப்போம். நீங்கள் யாரிடம் போனாலும், எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

என் நங்கைக்கு இரண்டு மாதம் முன்பு கீழ் இமை ஆபரேஷன் நடந்தது. இப்போது இமை கீழே இழுத்துக்கொண்டு வெள்ளை விழி தெரிகிறது, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. எனக்கும் பை இருக்கிறது, பயமாக இருக்கிறது. (இல்லத்தரசி, 56, கோபிசெட்டிபாளையம்)

இந்தப் பயம் நியாயமானது. கீழ் இமை ஆபரேஷனில் எங்களுக்கே அதிகம் தலைவலி தருவது இதுதான்.

கீழ் இமையை இரண்டு முனையிலும் எலும்போடு கட்டிய கொடிக்கயிறாக நினைத்துக்கொள்ளுங்கள். வயதில் கயிறு தொய்கிறது. அதைக் கவனிக்காமல் தோலை மட்டும் தாராளமாக வெட்டித் தைத்தால், தழும்பு சுருங்கும்போது கயிறு கீழே வருகிறது. முற்றிப்போனால் இமை வெளியே புரண்டு உள்சிவப்பு தெரியும். கண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கன்னத்தில் வழியும். கண்ணோ காய்ந்து எரியும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். கண்ணாடி முன் நின்று கீழ் இமையை விரலால் கீழே இழுத்து விடுங்கள். கண் சிமிட்டாமலே சட்டென்று விழியில் ஒட்ட வேண்டும். ஒருமுறை சிமிட்டினால்தான் ஒட்டுகிறது என்றால் தொய்வு இருக்கிறது. இமையை விழியிலிருந்து முன்னால் இழுக்கும்போது 6 மில்லிமீட்டருக்கு மேல் வந்தாலும் அப்படியே. பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். கன்ன எலும்பைவிட விழி முன்னால் துருத்தி நின்றால் இமைக்குக் கீழே முட்டு இல்லை என்று அர்த்தம். அவர்களிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருப்போம்.

இப்படிப்பட்டவர்களுக்கு இமையின் வெளிமூலையை எலும்பின் உறையோடு சேர்த்து ஒரு தையலில் இறுக்குகிறோம். கேந்தோபெக்ஸி என்பார்கள். தோல் எடுக்கத்தான் வேண்டுமென்றால், மேலே பார்த்தபடி வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி அளப்போம். அந்த நிலையில் மிஞ்சி நிற்கும் தோல்தான் உண்மையான உபரி. பல நேரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றமாகப் பார்ப்பார்கள்.

உங்கள் நங்கைக்கு: செய்த டாக்டரிடமே உடனே காட்டச் சொல்லுங்கள். இமையை மேல்நோக்கி நீவும் மசாஜ், பகலில் சொட்டு மருந்து, ராத்திரிக் களிம்பு என்று சில மாதங்களில் பலருக்குச் சரியாகிவிடும். தழும்பு இளகுவதற்குள் அவசரமாக இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். கருவிழியில் புண் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். நான்கு மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள், ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை. பத்து நாள் நிறுத்திவிட்டு இமை ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். (58, ஈரோடு)

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். கண் பை நெஞ்சைவிடப் பெரிதில்லை. உங்கள் இதய டாக்டர் எப்போது நிறுத்தலாம் என்கிறாரோ அதுவரை தள்ளிப்போடுங்கள். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

மாத்திரையோடே செய்தாலும் சிக்கல்தான். விழிக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்குவது, பொதுவாகவே இமை ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு நடக்கும். நிரந்தரமாகப் பார்வை போவது அதைவிட மிக அரிது. ஆனால் நடந்துவிட்டால் நிமிடக் கணக்கு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, கண் கல் போல இறுகி முன்னால் தள்ளுவது, பார்வை மங்குவது: இதில் எது வந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்று பார்க்காமல் டாக்டரை எழுப்புங்கள். வெளிமூலையைக் கீறி அழுத்தத்தை இறக்குவோம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் விழித்திரை மீள்வது கஷ்டம். அதனால்தான் ஆபரேஷன் அன்றைக்கே காரில் நூறு கிலோமீட்டர் ஊருக்குப் போகிறேன் என்பவர்களை நான் விடுவதில்லை. ஒரு ராத்திரி பக்கத்தில் தங்கட்டும்.

மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை சாப்பிடுவோரும் சொல்லிவிடுங்கள். "மருந்து ஏதும் சாப்பிடறதில்லீங்க" என்பவர்கள் பையில்தான் இவை இருக்கும்.

27 வயது. கருவளையம். ஆபரேஷன் செய்யலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். இருட்டில் நேர் எதிரே டார்ச் அடித்துப் பாருங்கள். கருப்பு மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். அதற்கு வழி உண்டு. மறையாவிட்டால் தோலின் நிறம். கத்திக்கு அங்கே வேலையில்லை, தோல் டாக்டரைப் பாருங்கள். பியூட்டி பார்லரில் யாராவது ஊசி போட்டுப் பள்ளத்தை நிரப்புகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம்.

தைராய்டு இருக்கிறது, காலையில் இமை வீக்கம் அதிகம். (49, தாராபுரம்)

முதலில் அது தைராய்டால் வந்த கண் நோயா என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் நோய் அடங்கி ஆறு மாதமாவது ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

விசைத்தறி ஓட்டுகிறேன். எத்தனை நாள் லீவு? (38, சோமனூர்)

கன்றிய நிறம் இரண்டு வாரத்தில் மறையும். பஞ்சுத் தூசிக்காக நான் உங்களுக்கு மூன்று வாரம் சொல்வேன். ஆடிக்காற்றில் மட்டும் செய்துகொள்ளாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்றில் நல்ல கண்ணே காயும். ஆபரேஷன் ஆன கண்ணில் வெள்ளை விழி நுங்கு மாதிரி வீங்கி வாரக்கணக்கில் நிற்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம். மூன்று வாரம் முன்னால் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? (52, கரூர்)

நடை பிரச்சினையில்லை. வெயில், ரோட்டுப் புழுதி, ராத்திரித் தூக்கமின்மை, போதாக்குறைக்குத் தலையைக் குனிந்து மொட்டை. காவடி வேறு எடுப்பதாக இருந்தால், பாரத்துக்கு முகத்தில் ரத்தம் ஏறும். முருகனைப் பார்த்துவிட்டு மாசியில் வாருங்கள்.