மடிக்கணினி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பெருந்துறையிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

மகளுக்கு வாங்கிய மடிக்கணினியின் கீல் (மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் பகுதி) இரண்டாம் ஆண்டிலேயே பெயர்ந்துவிட்டதாகவும், கோவையில் மெக்கானிக்கல் சேரவிருக்கும் மகனுக்காக ஒதுக்கிய மஞ்சள் விற்ற பணமும் அப்படிப் போய்விடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மகளைக் கடிந்துகொண்டதாகச் சொல்லியிருப்பது எனக்கு வருத்தமளித்தது. பல மாடல்களில் உலோகக் கீலின் திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை மரைகளைப் பிடித்தே நிற்கின்றன. கீல் இறுக இறுக, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விசை முழுவதும் அந்தப் பிளாஸ்டிக்கின்மேல் விழுந்து, ஒருநாள் அது விரிசல் விடுகிறது. அது பிள்ளையின் குற்றமன்று, வடிவமைத்தவர்களின் குற்றம்.

மகனுக்கு வாங்கும்போது, "ஐ5, 8 ஜிபி" என்று கடையில் சொல்வதைப் பாதி விவரமாகவே கொள்ளுங்கள். ஐ5 என்பது கணினியின் மூளையான சிப்பின் வகைப்பெயர்; அந்த ஒரே பெயரில், யு என்று முடியும் சிப் சுமார் 15 வாட்டிலும், எச் என்று முடிவது சுமார் 45 வாட்டிலும் இயங்குமாறு செய்யப்பட்டவை. இயந்திரப் பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில், பல பாகங்கள் சேர்ந்த பெரிய அசெம்பிளியைத் திறக்கும்போது அந்த வேக வேறுபாடு கண்கூடாகத் தெரியும். அந்த மென்பொருள் விண்டோஸுக்கென எழுதப்பட்டது என்பதால், மேக் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவனுக்கு 16 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம்) வேண்டும். இப்போதைக்கு 8 ஜிபிதான் கட்டுப்படியாகும் என்றால், ரேம் கழற்ற முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா, கூடுதல் ரேம் பொருத்த ஸ்லாட் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். நான் முதன்மையாகக் கருதும் கேள்வி இதுதான், ஏனெனில் ஸ்லாட் இல்லாத கணினியில் மூன்றாம் ஆண்டில் தேவை கூடினாலும் ரேமைச் சேர்க்க முடியாது.

வகுப்பு தொடங்கித் துறையில் மென்பொருள் பட்டியல் தரும்வரை பொறுத்திருங்கள். முதலாண்டில் கல்லூரி ஆய்வகமே பெரும்பாலும் போதும். காந்திபுரம் கடைகளுக்குச் செல்லும்போது மகனையும் அழைத்துச் சென்று, மூடியை ஓரத்தில் பிடிக்காமல் நடுவில் பிடித்துப் பலமுறை திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியிலுள்ள வரிசை எண்ணே ஜிஎஸ்டி பில்லிலும் இருக்கிறதா என்று சரிபார்த்து, ஈரோட்டிலோ கோவையிலோ சர்வீஸ் மையம் உள்ளதா என்பதையும் விசாரியுங்கள். உத்தரவாதக் காலத்தில் அலைக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

மகளின் கணினியைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். கீலையும் உடைந்த அடிமூடியையும் மாற்றித் தரும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உள்ளிருக்கும் போர்டு நன்றாக இருந்தால், மகளின் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு அதுவே போதும்.