யுரேனியக் குண்டில் பயப்பட வேண்டியது எது?

“செறிவு குறைந்த யுரேனியக் குண்டு என்பது சின்ன அணுகுண்டா? அது விழுந்த மண் காலத்துக்கும் பாழ்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அணுகுண்டு இல்லை. இதில் அணுப்பிளவு நடப்பதில்லை. டாங்கியைத் துளைக்கும் ரகத்தில் வெடிமருந்துகூட இலக்கில் வெடிப்பதில்லை. பாய்வது கனமான ஓர் உலோகக் கம்பி, அவ்வளவுதான்.

இயற்கை யுரேனியத்தில், எளிதில் அணுப்பிளவு நடக்கும் வகையான யுரேனியம்-235 சுமார் 0.7 சதவீதம். அணு உலை எரிபொருளுக்காக அந்தப் பங்கைக் கூட்டிச் செறிவூட்டும்போது ஒதுங்கும் மிச்சம்தான் செறிவு குறைந்த யுரேனியம்; அதில் யுரேனியம்-235 0.2 அல்லது 0.3 சதவீதம்தான் இருக்கும். கதிரியக்கமும் இயற்கை யுரேனியத்தைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. ராணுவங்களுக்கு இதன் மேல் ஆசை வந்தது அடர்த்தியால்: கன சென்டிமீட்டருக்கு 19 கிராம். ஈயமே 11.3 கிராம்தான். போதாக்குறைக்கு, குவிந்து கிடக்கும் கழிவு என்பதால் மலிவு வேறு.

டாங்கியின் பீரங்கியிலிருந்து இந்தக் கம்பி நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. டங்ஸ்டன் என்ற உலோகமும் இதே அளவு கனம்தான். ஆனால் கவசத்தில் மோதியதும் அதன் முனை காளான் குடைபோல விரிந்து மழுங்கும். சிறிதளவு டைட்டானியம் கலந்த யுரேனியமோ ஓரங்கள் சிதறிச் சிதறி, முனை கூர்மையாகவே உள்ளே போகும். சிதறிய துணுக்குகள் காற்றுப் பட்டதும் தாமாகவே தீப்பிடிக்கும். கவசத்துக்கு உள்ளே இருக்கும் எரிபொருளுக்கும் குண்டுகளுக்கும் அதுவே போதும்.

வில்லங்கம் அந்தத் தீயில்தான் ஆரம்பிக்கிறது. எரிந்த யுரேனியம் ஆக்சைடுத் தூசியாகிறது. இதில் பெரும்பகுதியாக இருக்கும் யுரேனியம்-238 வெளியிடும் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது; ஆனால் மூச்சோடு போன தூசி நுரையீரலில் தங்கினால் கதை வேறு. அதில் கரையும் பகுதி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். அங்கே அது கதிரியக்கப் பொருளாக அல்ல, ஒரு கன உலோக நஞ்சாக வேலை செய்கிறது. தூசியில் பெரும்பகுதி அடிபட்ட வண்டியிலும் அதன் அக்கம்பக்கத்திலுமே படிந்துவிடும். ஆகவே முதல் ஆபத்து வண்டிக்குள் இருந்தவர்களுக்கு. அடுத்து, பழைய இரும்புக்காக அதை வெட்டுகிறவர்களுக்கும், ஏறி விளையாடும் குழந்தைகளுக்கும்.

குறி தப்பிய குண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1999இல் கொசோவோவில் அமெரிக்காவின் ஏ-10 தாக்குதல் விமானங்கள் சுமார் 30,000 குண்டுகளைச் சுட்டன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 300 கிராம் யுரேனியம். பெரும்பாலானவை மண்ணில் புதைந்தன. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டக் குழு 2000இல் அங்கே போனபோது, பரவலான மாசு எதையும் காணவில்லை. குண்டு விழுந்த புள்ளியைச் சுற்றி மட்டுமே கண்டது. ஆனால் அதற்கு முன்பே இதே குண்டுகள் சுடப்பட்ட போஸ்னியாவில் ஏழெட்டு ஆண்டுகள் புதைந்து கிடந்த கம்பிகள் சுமார் கால்பங்கு அரித்துப் போயிருந்தன. அரித்தது எங்கே போகும்? மண்ணுக்கும், மெல்ல நிலத்தடி நீருக்கும்தான். அங்கே ஒரு குடிநீர் மாதிரியில் மிகச் சிறிய அளவில் இந்த யுரேனியம் தென்படவும் செய்தது.

ஆகவே “ஊரே அழிந்துவிடும்” என்பதும் மிகை, “ஒன்றுமே ஆகாது” என்பதும் காதில் பூ சுற்றும் வேலை. உடலில் யுரேனியக் குண்டின் துணுக்குகளோடு வாழும் அமெரிக்கப் படைவீரர்களை 1990களிலிருந்து மருத்துவர்கள் கண்காணிக்கிறார்கள்: சிறுநீரில் யுரேனியம் இன்னும் வருகிறது, ஆனால் பெரிய சிறுநீரகக் கோளாறு தெரியவில்லை. இது எனக்கு ஓரளவுதான் ஆறுதல். அவர்களுக்குப் பரிசோதனை நடக்கிறது. குண்டு விழுந்த ஊரில் கிணற்று நீர் குடிப்பவருக்கு அது நடப்பதில்லை. எங்கெங்கே சுட்டோம் என்ற வரைபடத்தைச் சுட்டவர்கள் உடனே கொடுத்தால்தான் அந்தக் கிணற்றைச் சோதிக்கவாவது முடியும். கொசோவோவில் நேட்டோ அந்த விவரங்களை முழுமையாக ஐ.நா.விடம் கொடுத்தபோது போர் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது.