பண்டாரவன்னியன் என்று மகனுக்குப் பெயர் வைக்கலாமா?

தம்பி, அப்பப்பா ஆசைப்படுகிறார், ஆனால் "பண்டாரம்" என்று பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்களே என்று மனைவி பயப்படுகிறார் என எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்பப்பா பக்கம்தான் மனம் போகிறது.

பண்டாரம் என்றால் ஆண்டி மட்டுமில்லை, கருவூலமும் அதுதான். இலங்கையில் அது அரச குடும்பத்துப் பட்டம்; யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒரு மன்னரின் பெயரே புவிராஜ பண்டாரம். வன்னியன் என்பது இங்கே, வட இலங்கையின் வன்னிப் பகுதியை ஆண்ட சிற்றரசர்களைக் குறிக்கும். வன்னி மரம், நெருப்பு, காடு என்று அந்தச் சொல்லின் வேருக்குப் பல விளக்கம் சொல்வார்கள், அது தீராத வழக்கு.

அப்படியொரு சிற்றரசர்தான் பண்டாரவன்னியன்; 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து பிடித்தவர் அவர். அதே வருடம் அக்டோபர் 31, கற்சிலைமடுவில் தோற்றார். அவரைத் தோற்கடித்த கப்டன் ட்றிபேர்க்கின் பெயரோடு அங்கே ஒரு நடுகல் நின்றது. சின்ன வயதில் அப்பா என் விரலைப் பிடித்து அந்த எழுத்துக்களின் மேல் ஓடவிட்டது இன்னும் ஞாபகம். தோற்ற இடத்துக் கல்லைத்தான் நாங்கள் கும்பிடாத குறையாகப் பார்த்தோம்.

வவுனியாவில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைப்பது அபூர்வம். பழைய ஆட்களில் வன்னியசிங்கம் உண்டு. சரி, மனைவிக்கு மனம் ஒப்பவில்லையென்றால் பதிவில் முழுப்பெயரைப் போடுங்கள், வீட்டில் "வன்னியன்" என்று கூப்பிடுங்கள். பதிவுக்கு முன் கதையை அவருக்கு ஒருதரம் சொல்லிப் பாருங்கள்.