டேப்லெட்டை வேகப்படுத்த டெவலப்பர் ஆப்ஷன்ஸில் சிலவற்றை மாற்றினேன், இப்போது முன்பைவிட மெதுவாகிவிட்டது. ஃபேக்டரி ரீசெட் செய்துதான் ஆக வேண்டுமா?

உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும் ரீசெட் இப்போதைக்கு வேண்டாம். போன ஜனவரியில் எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது.

நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். தங்கை மகள் பிளஸ் டூ. டேப்லெட்டில் பாட வீடியோவுக்கும் நோட்ஸுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே படிப்பாள். 3 ஜிபி ராம் (திறந்திருக்கும் ஆப்களைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) உள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட், கொஞ்சம் திணறும். நான்தான் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டி, ஆப் எழுதுபவர்களுக்காக மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, யாரோ சொன்னார்கள் என்று நாலைந்து இடங்களில் கை வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வீடியோவை நிறுத்திவிட்டு நோட்ஸில் இரண்டு வரி எழுதினாள். திரும்பி வந்தால் வெள்ளைத் திரை. அப்புறம் ஆப்பின் முகப்பு. அப்புறம் வீடியோ, முதலிலிருந்து. நோட்ஸுக்குப் போனால் அதுவும் புதிதாகத் திறக்கிறது. "மாமா, எந்த இடத்துல விட்டேன்னே தெரியல" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் குளிரைச் சந்தேகப்பட்டேன். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனி விழும் மாதம். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை ஏறும். சார்ஜ் மளமளவென்று இறங்கும், சில நேரம் அணைந்தும் போகும். ஆனால் மதிய வெயிலில் வைத்துப் பார்த்தபோதும் அதே தொல்லை. அடுத்து சிக்னல். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது, ஒரு கோடு கிடைத்தாலே பெரிது. ஏரோபிளேன் மோடு போட்டு, முன்பே இறக்கி வைத்திருந்த வீடியோவை ஓட்டினேன். அப்போதும் அப்படியேதான். நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள், நெட்டா டேப்லெட்டா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் கேட்டால் ரீசெட் ஒன்றுதான் வழி என்றார்கள். ஒரு வருஷ நோட்ஸ் அதற்குள் இருக்கிறது, எப்படி ஒப்புக்கொள்வது?

கடைசியில் காரணம் நான் மாற்றிய இரண்டு செட்டிங்ஸ். ஒன்று, 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்'. இதை ஆன் செய்தால், ஒரு ஆப்பின் திரையை விட்டு நகர்ந்த உடனே ஆண்ட்ராய்டு அந்தத் திரையைக் கலைத்துவிடும். ஆப் எழுதுபவர்கள் தங்கள் ஆப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது அது, நம் தினசரி உபயோகத்துக்கு இல்லை. இன்னொன்று, 'பேக்ரவுண்ட் பிராசஸ் லிமிட்'. அதை 'நோ பேக்ரவுண்ட் பிராசஸஸ்' என்று வைத்திருந்தேன். ராம் காலியாக இருந்தால் வேகம் வரும் என்று நிறையப் பேர் நம்புகிறோம். உண்மையில் சற்று முன் பார்த்த ஆப்பை ராமில் விட்டு வைப்பதால்தான் அது சட்டென்று திரும்பி வருகிறது. அதைத் துரத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஏற்ற வேண்டும். வேலையும் கூடும், பேட்டரியும் கரையும். ராம் கிளீனர் ஆப்களாலும் இதே கெடுதல்தான்.

இன்னொரு இடத்தையும் கண்ணை வைத்துப் பாருங்கள். அனிமேஷன் ஸ்கேல் என்று மூன்று வரிகள் இருக்கும். அதில் .5 எக்ஸும் உண்டு, 5 எக்ஸும் உண்டு. முன்னால் இருக்கும் புள்ளி அவ்வளவு சிறியது. .5 என்றால் திரை மாறும் அசைவு பாதி நேரத்தில் முடியும், 5 என்றால் ஐந்து மடங்கு நேரம் இழுக்கும். எங்கள் டேப்லெட்டில் ஒரு வரி 5 எக்ஸில் நின்றது. விளையாட்டு ஆப்கள் மட்டும் சூடேற்றித் திக்கினால், படங்களின் விளிம்பை வழவழப்பாக்கும் 'ஃபோர்ஸ் 4எக்ஸ் எம்எஸ்ஏஏ' ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். ஒன்றைத் திருப்புங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், அதே இரண்டு ஆப்களுக்கு இடையில் போய் வந்து பாருங்கள். சரியான பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸின் மேலே இருக்கும் ஸ்விட்சையே அணைத்துவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் பவர் சேவிங் ஆனில் இருக்கிறதா பாருங்கள். சாம்சங்கில் சிபியு வேகத்தை 70 சதவீதத்தோடு நிறுத்தும் தேர்வு அதற்குள்தான் இருக்கிறது. ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தாலும் மெதுவாகும். ரீசெட் இதற்கெல்லாம் அப்புறம்தான், அதுவும் படம், நோட்ஸ் எல்லாவற்றையும் வேறிடத்தில் எடுத்து வைத்த பிறகு.

உங்கள் டேப்லெட்டில், ஒரே ஆப்புக்குள் இருக்கும்வரை நன்றாக ஓடி, வெளியே போய்த் திரும்பும்போது மட்டும் முதலிலிருந்து தொடங்குகிறதா? அப்படியென்றால் நேராக 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' வரிக்குப் போங்கள். எங்களுக்கு அதை அணைத்த அன்று ராத்திரியே, அவள் விட்ட நொடியிலிருந்து வீடியோ ஓடியது.