மதுரை வண்டியை புனே கொண்டு போறதுக்கு

வணக்கம்ங்க, உங்க தம்பிக்கு ஆர்மில புனே போஸ்டிங், வண்டி டிஎன் நம்பர், ஆர்சி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கற உங்க பேர்ல, உடனே நம்பர் மாத்தணுமான்னு கேட்டிருந்தீங்க. உடனே வேணாம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டி நின்னாதான் அங்க புது நம்பர் எடுக்கணும், இங்க சிங்கப்பூர்ல எல்டிஏ (தரைப் போக்குவரத்து ஆணையம்) ஒண்ணே எல்லாத்தையும் பாத்துக்கற மாதிரி கிடையாது, இந்தியால ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி ரோடு டாக்ஸ்.

ஆனா என் அபிப்பிராயம், மகாராஷ்டிரா நம்பர் எடுக்காதீங்க. ரெண்டு மூணு வருஷத்துல தம்பிய வேற ஊருக்கு மாத்திட்டா திரும்ப என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று), திரும்ப டாக்ஸ், பழைய ஆர்டிஓல ரீஃபண்டுக்கு அலையணும், ஆர்மில இருக்கற பையனுக்கு இந்த அலைச்சல் எதுக்கு சொல்லுங்க. 2021 செப்டம்பர்ல வந்த பிஎச் (பாரத்) சீரிஸ் நம்பர ராணுவத்துல இருக்கறவங்க எடுக்கலாம், டாக்ஸ ரெண்டு ரெண்டு வருஷமா கட்டினா போதும், எந்த மாநிலம் போனாலும் அதே நம்பர்தான். ஏற்கனவே ஓடற வண்டியையும் இப்ப அதுக்கு மாத்திக்கலாம்.

சிக்கல் என்னன்னா வண்டி தம்பி பேர்ல இருக்கணும், உங்க பேர்ல இருந்தா அவர் சர்வீஸ் வச்சு கேக்க முடியாது. அதனால நீங்க அடுத்து ஊருக்குப் போறப்ப ஃபார்ம் 29, 30 கையெழுத்து போட்டு மொதல்ல பேர மாத்திடுங்க, லோன் பாக்கி இருந்தா பேங்க் சம்மதமும் வேணும், இன்சூரன்ஸையும் அவர் பேருக்கு மாத்த மறந்துடாதீங்க. லோன் முடிஞ்சிடுச்சா இல்லயான்னு சொல்லுங்க, அதுக்கு தகுந்த மாதிரி அடுத்தத சொல்றேன்.