கேள்வி பதில்: ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சர்க்கஸ்

*மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என எங்கே சர்க்கஸ் வந்தாலும் அப்பா போய்விடுவார். ஆயுள் முழுக்கச் சேர்த்த போஸ்டர், நோட்டீஸ், டிக்கெட்டெல்லாம் டிரங்குப் பெட்டியில் மடித்துக் கிடக்கின்றன. ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. லேமினேட் செய்துவிடலாமா?*
— வாசகி, மயிலாடுதுறை

வேண்டவே வேண்டாம். லேமினேஷன் பிளாஸ்டிக் சூட்டில் தாளோடு ஒட்டிக்கொண்டால் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. மலிவான போஸ்டர் தாளிலுள்ள அமிலமும் உள்ளேயே தங்கி, தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும்.

ஓரத்தை அரித்தது ராமபாணப் பூச்சியாகத்தான் இருக்கும். அதற்கு ஈரமும் பசையும் இருந்தால் போதும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைத் திறக்காதீர்கள். மாசி, பங்குனியில் நிழலான அறையில் பிரியுங்கள். வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டு வெள்ளை உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் தாளில் சுற்றிய இரண்டு செங்கலும் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். மடிப்புப் போகவில்லையே என்று தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் மை கரைந்து ஓடும்.

கிழிசலுக்கு செல்லோ டேப் கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு சேர்த்துக் கிண்டிக்கொண்டே, கண்ணாடிபோல் தெளியும்வரை காய்ச்சி, ஆறியதும் மெல்லிய ஜப்பானியத் தாளை (நீண்ட நாரால் ஆன தாள்) பின்பக்கம் ஒட்டுங்கள். பைண்டிங் பசையில் மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) கலப்பதுண்டு. அந்தப் பசையை வாங்காதீர்கள்; பூச்சி வராது, ஆனால் செம்பு தாளை அரித்துவிடும்.

பிறகு அமிலமில்லாத தாளில் சுற்றி, தட்டையாக அலமாரியில் வையுங்கள். அலமாரி சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கட்டும். ஈரக்காற்றோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

*போஸ்டர்களில் தேதியும் கிழமையும் இருக்கின்றன, வருஷம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?*
— வாசகர், கும்பகோணம்

இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு அழகான போஸ்டரும் வெறும் படம்தான். உங்கள் ஊரில் எந்தக் கம்பெனி எப்போது கூடாரம் போட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

கிழமையிலிருந்து ஆரம்பியுங்கள். 'ஜனவரி 15 வெள்ளிக்கிழமை முதல்' என்றிருந்தால் அது 1965, 1971, 1982, 1988 போன்ற வருடங்களில்தான் பொருந்தும். அடுத்து, ஊர் முகவரியில் சென்னை மாநிலம் என்று போட்டிருந்தால் 1969-க்கு முந்தியது; அந்த ஜனவரியில்தான் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. அச்சகத்தின் பெயரும் ஊரும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 1867-ஆம் வருடச் சட்டப்படி அப்போது அது கட்டாயமாக இருந்தது. அங்கே ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. டிக்கெட்டில் நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. மாயவரம் என்றிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பேர் மாறிய பின்னும் ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

'யானை' என்ற சொல்லைத் தேடுங்கள், சர்க்கஸ் போஸ்டரில் அது இல்லாமலா? னகரத்தின் தலையில் துதிக்கைபோல் சுழித்த பழைய 'னை' இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ஈய எழுத்து வைத்திருந்த சிறு அச்சகங்கள் உடனே மாறிவிடவில்லை என்பதால் இது துணைச் சான்றுதான். புலி, சிங்க வித்தை இருந்தால் பெரும்பாலும் 2001-க்கு முன்பு.

கண்டுபிடித்ததைப் போஸ்டர் மேல் எழுதாதீர்கள். தனித் தாளில் பென்சிலால் எழுதி, எந்தச் சான்றால் அந்த வருஷம் என்பதையும் சேர்த்து உடன் வையுங்கள். 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கேன் எடுத்து, இரண்டு பிரதியை இரண்டு வீடுகளில் வைப்பது நல்லது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கு ஒரு பிரதியைக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

*புலியும் சிங்கமும் இல்லாத சர்க்கஸுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதில் என்ன பயன்?*
— வாசகர், திருவாரூர்

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றுக்கான தடை 1998-இல் அறிவிக்கப்பட்டு 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. மிருகங்களுக்கு நல்லதுதான் நடந்தது. கேரளத்து சர்க்கஸ் ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் தலச்சேரி சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி தொடங்கிச் சொல்லிக்கொடுத்ததோ மனித உடம்பின் வித்தையை. அது இன்றும் கூடாரத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

ஞாயிறு கூட்டம் தானாக வரும். வாரநாள் மதியக் காட்சிக்குப் போங்கள், கூட்டம் இல்லாவிட்டாலும் மைதான வாடகை, டீசல், சாப்பாட்டுச் செலவு அன்றைக்கும் அதேதான். டெல்டா களிமண் மழையில் இளகினால் கூடாரக் கயிறு கட்டிய முளை பிடிக்காது. காட்சியை ரத்து செய்தால் சண்டைக்குப் போகாமல் மறுநாள் வாருங்கள். பறக்கும் டிரபீஸ் என்னும் ஊஞ்சல் வித்தையின்போது ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. பிடிப்பவர் கண் ஒரு நொடி கூசினாலும் கை தவறும். காட்சி முடிந்ததும், எந்த வித்தை எந்த வரிசையில் வந்தது என்று பிள்ளைகளையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், டிக்கெட்டையும் அந்தப் பக்கத்திலேயே செருகிவையுங்கள்.